ஆட்டுக்குப் பின்னால யாரு?

அந்த ராத்திரி கோட்டைக் கதவைத் திறந்தவன் நான்தான். இதை முதல்லயே சொல்லிடுறேன். ஏன்னா சந்தைக்குச் சந்தை ஒவ்வொருத்தன் ஒவ்வொரு கதை விடுறான். பூட்டு உடைஞ்சு போச்சுங்கிறான் ஒருத்தன். துருக்கிக்காரன் மந்திரம் போட்டுத் திறந்தான்ங்கிறான் இன்னொருத்தன். மந்திரமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ஒனிஸ்கோங்கிற நான், இந்த ரெண்டு கையால, சிரிச்சுக்கிட்டே குறுக்குக் கட்டையைத் தூக்கினேன்.

எங்க கோட்டை த்னீப்பர் ஆத்துக்கு நடுவுல, நாணல் தீவுல இருந்துச்சு. கோடையில எழுநூறு கோசாக் வீரனுங்க இருப்போம். பனி விழுந்துட்டா பொண்டாட்டி புள்ளை இருக்கிறவன் எல்லாம் கரைக்குப் போயிடுவான். போக்கிடம் இல்லாத நூத்தி எண்பது பேர் நாலு கூடத்துல முடங்கிக் கிடப்போம். கோடையில எங்களைச் சுத்தித் தண்ணி, எவனும் கிட்ட வர முடியாது. குளிர் காலத்துல அதே தண்ணி கல்லா உறைஞ்சு போய், எவன் வேணும்னாலும் நடந்து வரலாம். அதனால குளிர் காலத்துல காவல் கடுமையா இருக்கணும்னு சட்டம். சட்டம் அது பாட்டுக்கு இருந்துச்சு, நாங்க எங்க பாட்டுக்கு இருந்தோம்.

யாரெமாவைப் பத்திச் சொல்லணும். என் கூடப் பிறக்காத அண்ணன். ரெண்டு வயசு மூத்தவன், ஆனா வாடா போடான்னுதான் பேசிக்குவோம். ஒரு தடவை கடல்ல படகு கவிழ்ந்து நான் முங்கிக்கிட்டு இருந்தப்ப, என் உச்சிக்குடுமியைப் பிடிச்சு இழுத்து மேல போட்டவன் அவன்தான். கரைக்கு வந்த அன்னிக்கே கோயில்ல பாதிரியார் முன்னால நின்னு ரெண்டு பேரும் சிலுவையை மாத்திக்கிட்டோம். அவன் சிலுவை என் கழுத்துல, என் சிலுவை அவன் கழுத்துல. அப்படி மாத்திக்கிட்டவன் ஒருத்தனுக்கு ஒருத்தன் உயிரைக் கொடுக்கணும். அதுல பேச்சுக்கே இடமில்ல.

எங்க பக்கம் வருசப் பிறப்புக்கு முந்தின ராத்திரி ஆட்டு வேசம் கட்டுவோம். அஞ்சு பேர். ஒருத்தன் தோலைப் போத்தி, மரத்துல செஞ்ச தலையை மாட்டி, கழுத்துல மணி கட்டிக்கிட்டு ஆடு ஆவான். ஒருத்தன் கிழவன், ஒருத்தன் கிழவி, ஒருத்தன் வைத்தியன், ஒருத்தன் துருக்கியன். துருக்கியன் ஆட்டைச் சுடுவான். ஆடு விழும். கிழவனும் கிழவியும் மார்ல அடிச்சு அழுவாங்க. வைத்தியன் ஆட்டு வாயில சாராயத்தை ஊத்துவான், ஆடு எந்திரிச்சு குதிக்கும். இதைக் கரையில இருக்கிற பண்ணைவீடுகள்ல ஆடிக்காட்டி, மூட்டை நிறைய தின்கிறதுக்கு வாங்கிட்டு வருவாங்க. திரும்புறப்ப பண்ணையாளுங்களும் சேர்ந்துக்குவாங்க, கொள்ளையில கிடைச்ச துருக்கி உடுப்பை ஆளாளுக்கு மாட்டிக்கிட்டு. போன வருசம் அஞ்சு பேர் போய் முப்பது பேரா வந்தாங்க. அதுல இருபத்தாறு பேர் துருக்கியன்.

மத்த நாள்ல எங்க கோட்டைக்கு வர்றவன் ஆந்தை மாதிரி 'புகு, புகு'ன்னு கூப்பிடணும். அந்த ஒரு ராத்திரி மட்டும் ஆட்டுக் கேள்வி. காவல்காரன் மூணு கேப்பான், ஆடு மூணு பதில் சொல்லணும். யாரு வர்றது? ஆடு வருது. ஆட்டுக்குப் பின்னால யாரு? கிழவனும் கிழவியும். ஆடு செத்தா? எந்திரிக்கும். இதை எந்தக் கோசாக்கும் தூக்கத்துல கூடச் சொல்லுவான்.

அந்த வருசம் யாரெமாதான் ஆடு. சமையக்காரன் மிக்கிட்டா கிழவி. தாடியும் தொப்பையும் பாவாடையுமா அவன் வந்து நின்னதைப் பார்த்து, தலைவர் பனாஸே வயித்தைப் பிடிச்சுக்கிட்டார். அவரை நாங்க அப்பான்னுதான் கூப்பிடுவோம், அவரும் அடிக்கிறப்ப அப்பன் மாதிரிதான் அடிப்பார்.

பொழுது சாயிற நேரம் கதவுகிட்ட யாரெமா ஆட்டுத் தலையைத் தூக்கிட்டு என்னைப் பார்த்தான்.

"டேய், குடிச்சிட்டுத் தூங்கிடாதே. திரும்பி வர்றப்ப குளிர்ல நிக்க வெச்சே, கொம்பாலயே குத்துவேன்."

"தின்கிறதுக்கு என்ன கொண்டு வர்றேன்னு சொல்லு. அப்புறம் கதவைப் பத்திப் பேசலாம்."

"பன்னிக்கொழுப்பு."

"பூண்டு?"

"பூண்டில்லாம கொழுப்பு திங்க நான் என்ன போலந்து பிரபுவா? கொண்டு வர்றேன். நீயே கதவுல இரு. வேற எவனையாவது நிறுத்திட்டுப் போயிடாதே. அந்த கிளிம் பய கேள்வியைக் கேக்குறதுக்குள்ள நான் நிஜமாவே விறைச்சுச் செத்துடுவேன்."

"நானே இருக்கேன். போயிட்டு வா."

அவங்க பனி மேல சறுக்கிச் சறுக்கிப் போறதைப் பார்த்துக்கிட்டே நின்னேன். மிக்கிட்டா பாவாடை தடுக்கி ரெண்டு தடவை விழுந்தான். பனாஸ் அப்பா பக்கத்துல வந்து நின்னார்.

"ஒனிஸ்கோ, மூணு பதிலும் சரியா இருந்தாத்தான் கட்டையைத் தூக்கணும். என்னைப் பெத்தவளே வந்து கூப்பிட்டாலும்."

"சரிப்பா."

"எத்தனை கோப்பை உள்ள போயிருக்கு?"

"ஒண்ணுதாம்ப்பா."

மூணு. அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு. கூடக் காவலுக்கு இருந்த கிளிம், 'ஒரு வாய் குடிச்சிட்டு ஓடி வந்துடுறேன்'னு உள்ள போனவன் திரும்பி வரல. கூடத்துல இருந்து பாட்டும் கூத்துமாக் கேட்டுச்சு. தேனும் கசகசாவும் போட்ட குத்யாங்கிற கோதுமைக் கஞ்சியை ஒரு சட்டியில கொண்டு வந்து கொடுத்துட்டுப் போனான் ஒரு புண்ணியவான். தின்னேன், குடிச்சேன், சுவத்துல சாஞ்சேன். போகப் போக உள்ள சத்தம் அடங்கி, குறட்டைதான் கேட்டுச்சு. வானத்துல நிலா இல்ல. பொடிப்பனி தூவிக்கிட்டு இருந்துச்சு.

அப்ப பனி நொறுங்குற சத்தம் கேட்டுச்சு. நிறைய கால்கள். எட்டிப் பார்த்தேன். முன்னால ஆட்டுக்கொம்பு, பின்னால தலைப்பாகையும் உயரக் குல்லாயுமா ஒரு கும்பல். இருட்டுல பத்து அடிக்கு மேல தெரியல. இந்த வருசம் பண்ணைக்காரன் எவனும் வீட்டுல தங்கல போலன்னு எனக்கு ஒரே சந்தோசம். மணிச் சத்தம்தான் இல்ல. ஏதோ துணி அடைச்ச மாதிரி மொத்து மொத்துன்னு ஒரு சத்தம்.

"என்னடா, மணியையும் தின்னுட்டியா?" ன்னேன். சரி, முறைப்படி கேப்போம்னு தொண்டையைச் செருமிக்கிட்டேன்.

"யாரு வர்றது?"

"ஆடு வருது." யாரெமா குரல்தான். கொஞ்சம் கரகரப்பு. குளிரு, குடின்னு நினைச்சேன்.

"ஆட்டுக்குப் பின்னால யாரு?"

சொன்னான், "கசாப்புக்காரன்."

நான் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சேன். புதுசா கேலி கட்டியிருக்கான்னு நினைச்சேன். சொன்னா வெக்கக்கேடு, நல்லா இருக்கேன்னு தொடையில வேற தட்டிக்கிட்டேன்.

"ஆடு செத்தா?"

"செத்தது செத்ததுதான், ஒனிஸ்கோ. எந்திரிக்காது."

"அட குடிகாரப் பயலே. எந்திரிக்கும்னு சொல்லணும்டா. பதிலை மறக்கிற அளவுக்கா ஊத்தி விட்டாங்க?"

"எந்திரிக்காது. நல்லாக் கேளு. எந்திரிக்காது."

"கேட்டுச்சு, கேட்டுச்சு. எனக்கு ஒண்ணும் காது செவிடில்ல. குளிர்ல நிக்க வெச்சா குத்துவேன்னு சொன்னவனாச்சே, வா உள்ள."

கட்டையைத் தூக்கினேன். கதவு ரெண்டும் உள்பக்கமா விரிஞ்சுச்சு.

ஆடு முன்னால வந்துச்சு. என்னைத் தாண்டிப் போறப்ப நின்னு தலையை என் பக்கம் திருப்புச்சு. மரத்தலை, அதுல என்ன தெரியும்? பின்னால இருந்தவன் அதை முதுகுல நெட்டித் தள்ளினான். அதுவும் ஆட்டத்துல உள்ளதுதான்னு நினைச்சேன். அடுத்து வந்தவனைப் பார்த்தேன். இளவட்டம், மெல்லிசா மீசை. உடுப்பு அத்தனை சுத்தமா இருந்துச்சு. எங்க கொள்ளை உடுப்புல எப்பவும் ஒரு கிழிசலாவது, ஒரு கறையாவது இருக்கும்.

"எவன் வீட்டுப் புள்ளைடா நீ? இந்தச் சட்டையை எங்க அடிச்சே?" ன்னு அவன் கையைப் பிடிச்சு இழுத்தேன்.

அவனும் என்னைப் பார்த்து லேசாச் சிரிச்சான். என்ன சொல்றேன்னு புரியாதவன் மரியாதைக்குச் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. அவன் வாய் என் மூஞ்சிக்குப் பக்கத்துல இருந்துச்சு, மூச்சு புகையா வந்துச்சு. அதுல வெங்காய வாடை இருந்துச்சு. சாராய வாடை இல்ல.

அந்த ராத்திரியில, த்னீப்பர் ஆத்துல இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும், மீசை முளைச்ச கோசாக் ஒருத்தன் வாயில சாராய வாடை இல்லாம இருக்க முடியாது.   அந்தக் கையை விடணும்னு கூடத் தோணல. பிடிச்சுக்கிட்டே நின்னேன். கத்தணும்னு வாயைத் திறந்தேன். பின்னால வந்தவன் எவனோ துப்பாக்கிக் கட்டையால என் பொட்டுல அடிச்சான். கதவுக்கும் சுவத்துக்கும் நடுவுல, பனிக்குள்ள போய் விழுந்தேன்.

முழுசா நினைவு தப்பல. தப்பியிருந்தா நல்லா இருந்திருக்கும். கதவு இடுக்குல கால்கள் போறது தெரிஞ்சுச்சு. ஒரு பேச்சு இல்ல, ஒரு இருமல் இல்ல. சுல்தானோட காலாள் படை, வரிசை குலையாம, கல்யாணத்துக்குப் போற மாதிரி நிதானமாப் போறாங்க. அம்பது வரைக்கும் எண்ணிப் பார்த்தேன். அதுக்கு மேல எண்ண மனசு வரல. உள்ள நூத்தி எழுபது பேர் குறட்டை விட்டுக்கிட்டு இருக்கான். நான் வாயில பனியோட கிடக்கேன்.

முற்றத்துல, கூடத்துக் கதவு இடுக்கு வெளிச்சத்துல ஆடு நின்னுச்சு. கை ரெண்டையும் தோலுக்குள்ள வெச்சுக் கட்டியிருந்தாங்க, அது அப்பத்தான் தெரிஞ்சுச்சு. திடீர்னு ஆடு ஓடுச்சு. நேரா முதல் கூடத்துச் சுவத்துல போய் தலையை முட்டுச்சு. ஒரு தடவை, ரெண்டு தடவை. மணியில அடைச்ச துணி தெறிச்சு விழுந்துச்சு. அப்புறம் அந்த மணி அடிச்சுது பாருங்க, கோட்டை பூரா கேட்டுச்சு. யாரெமா கூடத்துக்குக் கூடம் தலையை ஆட்டிக்கிட்டு ஓடினான். ஒரு துருக்கியன் முதுகுல வெட்டினான். ஆட்டுத்தோல் தடிமனு, பாதி வெட்டைத் தோல் வாங்கிக்கிச்சு.

"ஆடு வந்துடுச்சுடா, எந்திரிங்கடா" ன்னு உள்ள யாரோ கத்தினான். கதவு திறந்து வெளிச்சம் விழுந்துச்சு. முதல்ல வெளிய வந்தவன் கிளிம். கையில நிறைஞ்ச கோப்பை. எதிர்ல நின்ன துருக்கியன்கிட்ட அதை நீட்டி, "ஒரு வாய் குடி மாப்ளே, அப்புறம் ஆடுவோம்" ன்னான். அந்த ஆள் ஒரு நிமிசம் கோப்பையைப் பார்த்தான். அப்புறம் கிளிமை வெட்டினான். பின்னால வந்தவன் எல்லாம் அதுவும் ஆட்டம்னு நினைச்சுக் கைதட்டினாங்க. கிளிம் எந்திரிப்பான்னு பார்த்தாங்க. அவன் ரத்தம் பனியில ஆவி பறக்கிறதைப் பார்த்தப்புறம்தான் கைதட்டு நின்னுச்சு. நான் எத்தனையோ சண்டை பார்த்திருக்கேன். அந்தக் கைதட்டை மட்டும் மறக்க முடியல.

அதுக்கப்புறம் கையில கிடைச்சதை எடுத்தாங்க. விறகு, பெஞ்சு, சட்டி, சிலருக்கு வாள். நான் எந்திரிச்சேன். காவல் மேடைக்கு நாலு கால்ல ஏறினேன். அங்க ஒரு சின்ன பீரங்கி. புது வருசத்துக்கு வெடிக்கிறதுக்காக மருந்து கெட்டிச்சு வெச்சிருந்தோம், குண்டு போடல. உருண்டையைத் தூக்கி உள்ள போட்டேன். கீழ இருட்டுல கால் சத்தம், பாதிப் படை இன்னும் ஆத்து மேல வந்துக்கிட்டு இருக்கு. கோட்டைக்கு முப்பது அடி தள்ளி நாங்க தினமும் தண்ணிக்கும் மீனுக்கும் துளை போடுற இடம். அங்க பனி மெல்லிசு, எங்களுக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது. அங்கதான் சுட்டேன்.

பனி பிளந்த சத்தம் பீரங்கிச் சத்தத்தை விடப் பெருசா இருந்துச்சு. அப்புறம் கேட்ட சத்தத்தை நான் சொல்லப் போறதில்ல. அவங்களுக்கும் அம்மா இருந்திருப்பா. உள்ள வந்திருந்தவங்களுக்கு முன்னால நாங்க, பின்னால தண்ணி. விடியறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. பிழைச்சவன் தீவோட மறுபக்கம் நாணல் வழியா ஓடினான்.

விடிஞ்சதும் முற்றத்துல எங்க ஆளுங்க நாப்பத்தி ஒரு பேரை வரிசையாப் படுக்க வெச்சோம். அந்த மெல்லிய மீசைக்காரப் பையனும் கதவுகிட்ட கிடந்தான். நான் பிடிச்ச கை மேல நோக்கி விரிஞ்சிருந்துச்சு. என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டாங்க. ஒனிஸ்கோ சுட்டான், ஒனிஸ்கோ காப்பாத்தினான்னு ஒரே பேச்சு. நானும் இறக்கி விடுங்கடான்னு சொல்லல. தப்பு பண்ணினவனுக்குப் புகழ்ச்சி எவ்வளவு இதமா இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு.

அப்ப மூணாவது கூடத்துக்குப் பின்னால இருந்து யாரெமாவைத் தரதரன்னு இழுத்துட்டு வந்தாங்க. ஆட்டுத்தோல் இன்னும் ஒடம்புல இருந்துச்சு, ரத்தத்துல ஊறி. உயிர் இருந்துச்சு. கூடப் போன நாலு பேரும் இல்ல. மிக்கிட்டாவைக் கரையிலயே, யாரெமா கண்ணு முன்னால கழுத்தை அறுத்திருக்காங்க. மத்த மூணு பேரை ஆத்து மேல நிறுத்தி, 'கதவு திறக்கலேன்னா இவங்களும் அப்படித்தான்'னு சொல்லி இவனை முன்னால நடக்க வெச்சிருக்காங்க. பனி உடைஞ்சப்ப அந்த மூணு பேரும் அங்கதான் நின்னிருக்காங்க. என் குண்டு. இதை அவன் சொன்னப்ப யாரும் காது கொடுத்துக் கேக்கல.

"துரோகி" ன்னு ஒருத்தன் அவன் மூஞ்சியில துப்பினான். "இவன்தான் கூட்டிட்டு வந்தான். மணி அடிச்சு வெளிய வரவெச்சதும் இவன்தான். என் அண்ணன் அந்த மணியைக் கேட்டுத்தான் போய்ச் செத்தான்."

பனாஸ் அப்பா தலையில கட்டுப் போட்டுக்கிட்டு நடுவுல வந்து நின்னார். என்னைப் பார்த்தார்.

"ஒனிஸ்கோ, கதவு எப்படித் திறந்துச்சு?"

"யாரெமா குரல் கேட்டுச்சுப்பா. திறந்தேன்."

அது பொய் இல்ல. பாதி உண்மை. பொய்யை விட மோசமான சரக்கு அது.

யாரெமா தலையைத் தூக்கினான். "அப்பா, நான் பதிலைத் தப்பாத்தான் சொன்னேன். என் பக்கத்துல நின்னவனுக்கு நம்ம பேச்சு தெரியும், ஆட்டுக் கேள்வி தெரியாது. அதை நம்பித்தான் வந்தேன். கதவுல ஒனிஸ்கோ இருக்கான், தப்பான பதிலைக் கேட்டா திறக்க மாட்டான், ஊரை எழுப்பிடுவான்னு நினைச்சேன். கசாப்புக்காரன்னு சொன்னேன். எந்திரிக்காதுன்னு சொன்னேன். மூணு தடவை சொன்னேன். அவனையே கேளுங்க."

எல்லாரும் என் பக்கம் திரும்பினாங்க.

எங்க சட்டம் எல்லாருக்கும் தெரியும். காவல்ல இருந்தவன் பதில் தப்புன்னு தெரிஞ்சும் கதவைத் திறந்தா கம்பம். முற்றத்து நடுவுல கம்பத்துல கட்டி, பக்கத்துல ஒரு வாளி சாராயமும் ஒரு கட்டுத் தடியும் வெப்பாங்க. போறவன் வர்றவன் எல்லாம் ஒரு கோப்பை குடிச்சிட்டு ஒரு அடி அடிச்சிட்டுப் போகணும், பொழுது சாயிற வரைக்கும். துரோகிக்கும் அதே கம்பம்தான். ஆக, அன்னிக்கு அந்தக் கம்பத்துக்கு ரெண்டு பேர்ல ஒருத்தன். அவனா, நானா.

"ஒனிஸ்கோ, சொன்னானா?" ன்னார் அப்பா.

நான் என்ன சொன்னேன்னு இன்னிக்கும் என்னால நம்ப முடியல. என் வாய்தான் சொல்லுச்சு. "எல்லாம் மங்கலா இருக்குப்பா. தலையில அடி."

யாரெமா என்னைப் பார்த்தான். கெஞ்சல. திட்டல. மூஞ்சியில அறைஞ்ச மாதிரி ஒரு திகைப்பு, அவ்வளவுதான். துருக்கியன் பிடிச்சப்பக் கூட அவன் அப்படித் திகைச்சிருக்க மாட்டான். அப்புறம் குனிஞ்சுக்கிட்டான். அவனைக் கம்பத்துல கட்டினாங்க.

வாளி வந்துச்சு. தடி வந்துச்சு. அண்ணனைப் பறிகொடுத்தவன் முதல் ஆளா வந்தான். ஒரே மடக்கா குடிச்சான், தடியை எடுத்தான், அடிச்சான். அடி காதுல விழுந்துச்சு. பச்சைக் கட்டையைப் பிளக்கிற மாதிரி ஒரு சத்தம். யாரெமா வாயில இருந்து ஒரு சின்ன முனகல் வந்துச்சு. அவன் என் குடுமியைப் பிடிச்சு இழுத்தப்ப, கடல்ல, அதே மாதிரி ஒரு முனகல் கேட்டிருக்கேன். என் கனம் தாங்காம அன்னிக்கு அவன் முனகினது.

ரெண்டாவது ஆள் கோப்பையை எடுத்தான். நான் போய் அவன் கையில இருந்து அதைத் தட்டி விட்டேன்.

"அவன் சொன்னான்," ன்னேன். "மூணு தடவையும் சொன்னான். நல்லாக் கேளுன்னு வேற சொன்னான். நான் அஞ்சு கோப்பை குடிச்சிருந்தேன். சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே திறந்தேன்."

  பனாஸ் அப்பா என்கிட்ட வந்தார். அடிப்பார்னு நினைச்சேன், அடிக்கல. அப்படியே வயசாகிப் போன மாதிரி நின்னார்.

"பீரங்கி பீரங்கிதான், கதவு கதவுதான்," ன்னார். "ஒண்ணுக்கு ஒண்ணு ஈடாகாது. அவனை அவிழ்த்து விடுங்க. இவனைக் கட்டுங்க."

கட்டினாங்க. அன்னிக்குப் பூரா நின்னேன். பெரும்பாலானவன் குடிச்சிட்டு, தடியைத் தொட்டுட்டு, அடிக்காமப் போனான். அவனவனும் ராத்திரி குடிச்சவன்தான், அவனவனுக்கும் அது நெஞ்சுல குத்தியிருக்கும். பதினோரு பேர் அடிச்சாங்க. வலது தோள் அப்ப போனதுதான், இன்னிக்கும் கை மேல ஏறாது. அவங்க மேல எனக்கு வருத்தமில்ல. கிளிம் கையில கோப்பையைக் கொடுத்து வெளிய அனுப்பினவனும் அதுல ஒருத்தன்.

பொழுது சாயிறப்ப யாரெமா வந்தான். தலையைச் சுத்திக் கட்டு, கட்டுல இடது பக்கம் ரத்தம். அந்தக் காது அதுக்கப்புறம் கேக்கவே இல்ல. கோப்பையை எடுத்து நிதானமாக் குடிச்சான். தடியை எடுத்தான். கையில அதோட கனத்தைப் பார்த்தான்.

"அடிடா," ன்னேன். "உன்கிட்ட வாங்கினாத்தான் எனக்கு ஆறும்."

அவன் வலது காதை என் பக்கம் திருப்பினான். திரும்பச் சொல்லச் சொன்னான். திரும்பச் சொன்னேன்.

"கதவைத் திறந்ததுக்கு உன் மேல எனக்குக் கோபமில்ல, ஒனிஸ்கோ," ன்னான். "நான் நிதானத்துல இருந்தேன், நீ போதையில இருந்தே. நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன். ஆனா காலையில நீ வாயை மூடிக்கிட்டு நின்னியே. அப்ப உனக்குப் போதை தெளிஞ்சிருந்துச்சு."

 

தடியைக் கட்டோட திரும்ப வெச்சான். கழுத்துல இருந்து என் சிலுவையைக் கழட்டினான். கயிறு ரத்தத்துல காய்ஞ்சு கழுத்தோட ஒட்டியிருந்துச்சு, மெதுவாத்தான் வந்துச்சு. என் கை ரெண்டும் பின்னால கட்டியிருந்ததால, அவனே என் தலை வழியா மாட்டி விட்டான். சட்டைக்குள்ள போட்டு, குளிர் படாம மேல பொத்தானையும் போட்டு விட்டான். அவனோட சிலுவையைத் திருப்பிக் கேப்பான்னு காத்திருந்தேன். கேக்கல. திரும்பிப் பார்க்காமக் கூடத்துக்குள்ள போயிட்டான்.

வசந்தத்துல பனி உருகினதும் வேற கோட்டைக்குப் போயிட்டான். அப்புறம் என்ன ஆனான்னு யாருக்கும் தெரியல. ரெண்டு சிலுவையும் என் கழுத்துலதான் கிடக்கு.